கால் படாத தண்ணீர்

பங்குனி வெயிலில் கல்லில் பட்ட ஈரம் காய எவ்வளவு நேரம் ஆகும் என்று முருகலட்சுமியைக் கேட்டால் சொல்வாள்: வெற்றிலையை மடித்து வாயில் போட்டு முதல் எச்சிலைத் துப்புவதற்குள் காய்ந்துவிடும். அதனால்தான் அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு ஊருணிக்குத் திரும்பியவள், ஒன்பதாம் படியில் அந்த ஈரக்காலைப் பார்த்ததும் மென்றுகொண்டிருந்த வாயை நிறுத்தினாள். இப்போதுதான் யாரோ தண்ணீருக்குள் கால் வைத்து ஏறிப் போயிருக்கிறார்கள். வரும் வழியில் ஒரு காக்காய் குஞ்சைக்கூட அவள் பார்க்கவில்லை.

குனிந்து பார்த்தாள். வலது கால். அதற்கு மேல் ஏழாம் படியில் இன்னொன்று, அதுவும் வலது கால். இடது கால் எங்கேயும் பதியவில்லை. ஒவ்வொரு தடத்தின் பக்கத்திலும் மெல்லிசாக, நனைந்த நூலை இழுத்துக்கொண்டு போன மாதிரி ஓர் ஈரக்கோடு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தடங்கள் ஓரத்திலிருந்து சுருங்கி மறைந்தன. கோடு மட்டும் கொஞ்சம் தாமதமாகக் காய்ந்தது.

முள்ளியேந்தல்காரர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. திருப்பாலைக்குடிக் கடல் ஆறு மைல் தள்ளி இருந்தாலும் அதன் உப்பு ஊருக்கு அடியில் வந்து உட்கார்ந்துவிட்டது. எங்கே போர் போட்டாலும் அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. கூட்டுக் குடிநீர்க் குழாயைத் திறந்தால் பாதி நாள் காற்றுதான் வரும். மழைத் தண்ணீர் சேர்ந்து நிற்கிற இந்த ஊருணியை நம்பித்தான் நூற்றிருபது வீடும் உயிர் வைத்திருக்கின்றன. அதற்கென்று ஒரு சட்டம் உண்டு. செருப்பை முள்வேலிப் படலுக்கு வெளியே விட வேண்டும். கடைசிக் கல்லில் நின்று குனிந்து குடத்தை முக்க வேண்டும். தண்ணீரில் கால் படக் கூடாது. பட்டால், அந்த வீட்டுக் குடம் ஒரு வருஷத்துக்கு ஊருணியில் இறங்காது. கால் படாத தண்ணீர் என்பதால் அதை யாரும் காய்ச்சுவதும் இல்லை, துணி கட்டி வடிப்பதும் இல்லை. வடித்தால் பெற்ற தாயைச் சந்தேகப்பட்ட மாதிரி என்பார்கள்.

சட்டத்தைக் காப்பது முருகலட்சுமி வீட்டுப் பொறுப்பு. விடிந்ததிலிருந்து இருட்டும்வரை விளக்குமாறும் கையுமாக இருப்பாள். மதியம் ஒரு மணி நேரம் மட்டும் வீட்டுக்குப் போவாள். அந்த ஒரு மணி நேரத்தைத்தான் எவரோ கணக்காகப் பிடித்திருக்கிறார்கள் என்று நினைக்கையில் அவளுக்குப் பொறுக்கவில்லை. அதற்கு வேறு காரணமும் இருந்தது. மகள் சத்யப்பிரியா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். கல்யாணமாகி ஆறு வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கித் தங்கிய கரு, எட்டு மாசம். டவுனில் கேன் தண்ணீர் குடித்து நாக்கே செத்துப்போச்சு என்று, வந்த நாளிலிருந்து சொம்பு சொம்பாக ஊருணித் தண்ணீரைத்தான் குடித்தாள்.

முதல் சந்தேகம் ஆட்டுக்கார மூக்கையா மேல் விழுந்தது. அவருடைய ஆடுகள்தான் எந்நேரமும் வேலி ஓரத்தில் மேயும்.

"மாமா, மத்தியானம் இங்கிட்டு வந்தீகளா?" என்று கேட்டாள்.

"நான் எதுக்குத்தா அங்கன வாரேன்?" என்றார் மூக்கையா. அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஏன், ஊருணியில எதுவும் ஆயிப்போச்சா?"

"ஒண்ணும் ஆகல மாமா. சும்மா கேட்டேன்."

சும்மா யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

மறுநாளும் ஈரம் இருந்தது. அதற்கு மறுநாளும். நாலாம் நாள் சாப்பிடப் போகும்முன் அடுப்புச் சாம்பலைச் சலித்துக் கொண்டுவந்து கடைசி மூன்று படியிலும் மாவு தூவுகிற மாதிரி தூவினாள். வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைக்கப் பிடிக்காமல் பாதியில் எழுந்து வந்தாள். சாம்பல் தன் வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தது. குதிகால், நடுப்பாதம், விரல்கள் எல்லாம் அச்சு மாதிரி விழுந்திருந்தன. விரல்களை எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். நான்குதான் இருந்தன. சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் கலையாமல் கிடந்தது.

கருவேலம் வெட்டப்போன இடத்தில் அரிவாள் தவறி வலது கால் சுண்டுவிரலை இழந்த ஆள் ஊரில் ஒருவர்தான். அந்தக் காலை இருபத்தெட்டு வருஷமாக அவள் பக்கத்தில் படுத்துப் பார்த்திருக்கிறாள்.

ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போகிற மாதிரி போய், வேலியைச் சுற்றிக்கொண்டு வந்து முள்ளுக்குப் பின்னால் குந்தினாள். காற்று நின்றுபோயிருந்தது. கருவேலங்காயின் புளித்த வாடை மூக்கில் ஏறியது. வேலியின் அந்தப் பக்கத்தில் முள்ளை ஒதுக்கிக்கொண்டு அவள் புருஷன் பூமிநாதன் வந்தார். திருட்டு முழி எதுவும் இல்லை. தூக்கத்தில் நடப்பவரைப் போலவும் இல்லை. பசித்தவன் இலையை நோக்கிப் போகிற மாதிரி நேராகப் போய்க் கடைசிக் கல்லில் உட்கார்ந்து, காலில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, வலது காலைத் தண்ணீருக்குள் விட்டார். கண்ணை மூடினார். அப்படி ஒரு நிம்மதியை அவர் முகத்தில் அவள் கல்யாண நாளில்கூடப் பார்த்ததில்லை.

அப்போது தண்ணீர் வெளுத்தது. அவர் கணுக்காலைச் சுற்றி, அரிசி களைந்த நீரை ஊற்றிய மாதிரி ஒரு வெண்மை புறப்பட்டு மெதுவாகப் பரவியது. ஊருணியின் நடுவரை போய்க் கரைந்தது. அவள் எழுந்து ஓடினாள்.

"என்ன காரியம் பண்றீக? குடிக்கிற தண்ணியில!"

"எரியுதுடி," என்றார் பூமிநாதன். கண்ணைத் திறக்கவில்லை. "நெருப்புல வச்ச மாதிரி எரியுது. இங்கன வச்சாத்தான் அடங்குது."

"வீட்டுல தண்ணி இல்லையா?"

"உப்புத் தண்ணியில வச்சா இன்னும் எரியுது. இதத்தான் கேக்குது."

"எது கேக்குது?"

அவர் காலைத் தூக்கிக் காட்டினார். கணுக்காலுக்கு மேலே கொப்புளம் உடைந்த ஒரு புண். அதன் நடுவிலிருந்து வெள்ளை நூல் ஒன்று விரல் நீளத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் தொடப் போனாள். நூல் உள்ளே போனது.

வீட்டில் வைத்துக் கேட்டபோது கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். போன கோடையில் கரிமூட்ட வேலைக்குப் போன இடத்தில், காட்டுக்குள் ஒரு படிக்கிணறு இருந்தது. மழை பொய்த்த வருஷம், லாரித் தண்ணீரும் வரவில்லை. கிணற்றின் வாயை மறித்து யாரோ எந்தக் காலத்திலோ சுவர் எழுப்பிப் படிகளைக் கடப்பாரையால் உடைத்துப் போட்டிருந்தார்கள். தாகத்தில் சுவரை இடித்துக் குடித்தார்கள். "தண்ணி அம்புட்டுக் குளிர்ச்சி," என்றார். நல்ல தண்ணீர்க் கிணற்றை எதற்கு மூடினார்கள் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

மகளைப் பார்க்க வந்த கிராம நர்ஸ் சூஃபியாவிடம், அடுத்த வீட்டுக் கதை போல முருகலட்சுமி விசாரித்தாள். "காலுல கொப்புளம் உடைஞ்சு நூல் மாதிரி வந்தா அது என்ன நர்சம்மா?"

சூஃபியா சிரித்துவிட்டாள். பெரியபட்டினத்துக்காரி, எதையும் பளிச்சென்று பேசுகிறவள். "அது நரம்புச் சிலந்திக்கா. புழு. நாட்டுலயே ஒழிஞ்சு இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு, அல்லா காப்பாத்துனான். நாங்க படிக்கையில போத்தல்ல போட்டு வச்சிருந்தாக, முழ நீளத்துக்கு மேல."

"எப்படி வருமாம்?"

"அது இருக்கிற ஆளு காலு தீயா எரியும். தண்ணியில வைக்காம இருக்க முடியாது. வச்சதும் குஞ்சு விட்டுரும். அதத் தண்ணிப்பூச்சி தின்னுரும், பூச்சிய நாம குடிச்சிருவோம். ஒரு வருஷம் உள்ளுக்குள்ள சத்தமே இல்லாம வளரும். அப்புறம் காலு வழியா வெளிய வரும். ஆள அதுவே தண்ணிக்கு நடத்திக் கூட்டிட்டுப் போயிரும்க்கா." சூஃபியாவின் சிரிப்பு மெல்ல நின்றது. "யாருக்கு இருக்கு?"

"யாருக்குமில்ல. பழைய கதை பேசிக்கிட்டோம்."

"இருந்தாச் சொல்லிரணும். மறைக்கக் கூடாது. எதுக்கும் துணியில வடிச்சுக் குடிங்க, அதுவே போதும்."

சொல்வதா? சொன்னால் ஊர் கூடும். இந்த வீட்டுக் குடம் இறங்காது. ஆறு வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளைக்கு உப்புத் தண்ணீரா? காவல்காரி புருஷனே கால் வைத்தான் என்ற பேச்சை மகள் இந்த வயிற்றோடு கேட்க வேண்டுமா? வாயை மூடிக்கொண்டால் ஒரு மாசத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று முருகலட்சுமி முடிவு செய்தாள். பூமிநாதனை உள்ளறையில் உட்கார வைத்துக் கதவைப் பூட்டினாள். வெளியே வந்த நூலைத் தீக்குச்சியில் சுற்றி இழுத்தாள், ஒரு நாளைக்கு ஒரு சுற்று. அப்படியும் இரண்டு முறை அவர் கூரை ஓட்டைப் பிரித்து இறங்கிப் போனார். இரண்டு முறையும் படிகளை அவளே துடைத்தாள்.

மகளுக்காக ஒரு நாள் பழைய வேட்டியைக் கிழித்துத் தவலையின் வாயில் கட்டி, குடத்தைச் சாய்த்தாள். துணியில் தண்ணீர் வடிந்ததும், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் சின்னச் சின்னப் புள்ளிகள் நின்றன. அவை துள்ளின. அவள் இன்னும் குனிந்து பார்த்தாள்.

"ஏத்தா, யாரு உள்ள?" வாசலில் மூக்கையாவின் குரல்.

துணியை உருவி அடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். மூக்கையா உள்ளே வந்தார். தவலையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். தரையில் பரவிய ஈரத்தையும் பார்த்தார்.

"ஊருணிக்காரி வீட்டுலயே என்னத்தையோ வடிக்கிற மாதிரி தெரியுது?"

"என்னத்த வடிக்கிறேன்? தண்ணி சிந்திருச்சு மாமா."

"அம்மா, தண்ணி குடும்மா," என்றபடி சத்யப்பிரியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

மூக்கையா நகரவில்லை. முருகலட்சுமி உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டி, குடத்தில் மிச்சமிருந்த வடிக்காத தண்ணீரை மொண்டு கொடுத்தாள். மகள் அண்ணாந்து கடகடவென்று குடித்தாள். இன்னொரு சொம்பு கேட்டாள். அதையும் கொடுத்தாள். மறுநாளிலிருந்து வடிக்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

சித்திரையில் ஆண் குழந்தை பிறந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, ஊர் வழக்கப்படி சேனை வைத்தார்கள். ஊருணித் தண்ணீரில் சீனியைக் கரைத்து முதல் சொட்டை யார் வைக்கிறார்களோ, அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். முருகலட்சுமிதான் வைத்தாள், தன் விரலால். குழந்தை விரலைச் சப்பியது. அவளுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்தது. பூமிநாதனின் புண்ணும் அதற்குள் ஆறியிருந்தது. தீக்குச்சியில் சுற்றி முடித்ததை அடுப்பில் போட்டபோது பச்சை முடி பொசுங்குகிற நாற்றம் வந்தது. ஐப்பசியில் மழை வஞ்சகமில்லாமல் பெய்து ஊருணி நிரம்பியது. பழையதெல்லாம் அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அடுத்த பங்குனி வந்தது.

இந்தத் தடவை ஈரக்கால் இல்லை. அதுதான் முதலில் உறுத்தியது. மதியம் திரும்பி வந்தால் கீழ்ப்படிகள் மட்டும் அளவுக்கு மீறிச் சுத்தமாக இருந்தன. ஒரு தூசி இல்லை, ஓர் இலை இல்லை. வேலி ஓரத்தில் ஒரு விளக்குமாறு கிடந்தது. அவளுடையது இல்லை. மறுநாள் இரண்டு கிடந்தன.

ஊரில் சத்தம் குறைந்தது. குழாயடிச் சண்டைகூட இல்லை. பெண்கள் சேலையைத் தரை கூட்டுகிற அளவுக்கு இறக்கிக் கட்டினார்கள். வெயிலில் ஆண்கள் பேண்ட் போட்டுக்கொண்டு வயலுக்குப் போனார்கள். எதிரே வந்தால் முதலில் ஒருவர் காலை ஒருவர் பார்த்தார்கள், பிறகு முகத்தை. மூக்கையா மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அவள் பார்வை போன இடத்தைக் கண்டதும் வேட்டியை இழுத்து வலது காலை மூடினார்.

"என்ன மாமா?" என்றாள்.

"என்னத்தா?" என்றார்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குடம் இருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் அதே பயம்.

சூஃபியாவுக்கு போன் போட்டாள். மணி அடித்தது. "சொல்லுங்கக்கா," என்று குரல் கேட்டது. போன வருஷத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வடிக்காத சொம்பைச் சொல்ல வேண்டும். சேனை வைத்த விரலைச் சொல்ல வேண்டும். "தெரியாம அழுத்திட்டேன் நர்சம்மா," என்று சொல்லிவிட்டுக் கட் பண்ணினாள். நாலு நாளாகக் கெண்டைக்காலில் ஓர் அரிப்பு. கொசுக்கடி என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டாள்.

சித்திரைப் பிறப்புக்குப் பேரனுக்குக் காது குத்த சத்யப்பிரியா வந்து இறங்கினாள். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வலது காலைப் பதனமாக ஊன்றினாள். குழந்தை ராத்திரி முழுக்க அழுதது. பால் கொடுத்தாலும் அழுகை, தொட்டிலில் போட்டாலும் அழுகை. பிஞ்சுப் பாதத்தில், குதிகாலுக்குப் பக்கத்தில், சிவப்பாகத் தடித்திருந்தது.

"எறும்பு கடிச்சிருக்கும்மா," என்றாள் சத்யப்பிரியா, தாயின் முகத்தைப் பார்க்காமல்.

"உன் காலுல என்ன?"

"ஒண்ணுமில்ல. செருப்புக் கடி."

மறுநாள் மதியம் சாப்பிட வந்தபோது வீட்டில் அழுகை கேட்கவில்லை. தூங்குகிறான் என்று நிம்மதியாக உள்ளே போனாள். தொட்டில் காலியாக ஆடிக்கொண்டிருந்தது. உள்ளறைக் கதவு திறந்திருந்தது. பூமிநாதனும் இல்லை.

தெருவில் இறங்கினாள். எல்லா வீடும் திறந்து கிடந்தன. ஒரு வீட்டில் ரேடியோ தானாகப் பேசிக்கொண்டிருந்தது. இன்னொரு வீட்டில் பாதி தின்ற சோறு. தட்டில் ஈ.

ஓடினாள்.

படலுக்கு வெளியே செருப்புகள். வரிசையாக, ஒழுங்காக, சட்டப்படி. இருபது ஜோடி. முப்பது. மேலே எண்ணவில்லை. கடைசியில் சத்யப்பிரியாவின் செருப்பு. அதன்மேல் கழற்றி வைத்த சின்னக் கொலுசு.

உள்ளே சத்தமில்லை. தண்ணீர் மட்டும் கல்லில் மெதுவாகத் தட்டியது.

ஊர் முழுக்க அங்கே இருந்தது. கடைசிக் கல்லில் சுற்றிலும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் கண் மூடியிருந்தது. எல்லாருக்கும் வலது கால் தண்ணீரில். மூக்கையா. அவர் பக்கத்தில் பூமிநாதன், ஆறிய காலில் புதிய புண்ணோடு. யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லார் முகத்திலும் அதே நிம்மதி. ஊருணி கரைக்குக் கரை வெளுத்துக் கிடந்தது.

வரிசையின் ஓரத்தில் சத்யப்பிரியா. மடியில் குழந்தை. அதன் பாதத்தை இரண்டு விரலால் பிடித்துத் தண்ணீருக்குள் வைத்திருந்தாள். குழந்தை அழவில்லை. வாயைத் திறந்து, புதுசாக முளைத்த இரண்டு பல் தெரிய, சிரித்துக்கொண்டிருந்தது. குதிகாலிலிருந்து ஒரு வெள்ளை இழை நீண்டு வெளுத்த நீருக்குள் நெளிந்தது.

"ஏத்தா... பிள்ளையத் தூக்கு," என்றாள் முருகலட்சுமி. கெண்டைக்கால் எரிந்தது. எண்ணெய்க்கு அடங்காத எரிச்சல். கையிலிருந்த விளக்குமாறு விழுந்தது. அவள் நிற்கத்தான் நினைத்தாள். ஒன்பதாம் படி. பத்தாம் படி.

யாரும் கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் சத்யப்பிரியா கொஞ்சம் நகர்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் நகர்ந்தாள். அதற்கு அடுத்தவரும் நகர்ந்தார். கடைசிக் கல்லில், பேரனுக்குப் பக்கத்தில், ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டார்கள்.